ஏரியா ஜெபத்துக்கு எப்படி வருவது? புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையில், ஏரியா ஜெபக் குழுக்களை, அதாவது அக்கம்பக்கத்தார் வாரம் ஒரு மாலை ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழுக்களை, பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்பது வருடமாக என் தலையில் இருக்கிறது. மொத்தம் 11 குழுக்கள். ஓட்டுப்பட்டறையில் தொடங்கி அருவங்காடு வரை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது புதிதாக வந்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாராவாரம் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இவற்றில் சிலவற்றை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை, முதுகுக்குப் பின்னால்தான் கேட்டார்கள். அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கு வருகிறேன். அது போதாதா?

இரட்சிப்புக்குப் போதுமா என்பதை ஆயரிடம் கேளுங்கள். என் கணக்கு வேறு. ஞாயிறு காலை எங்கள் சர்ச்சில் 300 பேருக்குக் குறையாமல் உட்காருகிறோம். நீங்கள் மூன்று வாரம் வராமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? பக்கத்தில் உட்காருகிறவர், ‘ஊருக்குப் போயிருப்பார்’ என்று நினைத்துக்கொள்வார்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒருவரைத் தவறவிட்டோம். கடைசி வரிசையில், தூண் ஓரமாக உட்காரும் ஒரு தாத்தா. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. மாதச் சந்தா மட்டும் பேரன் கையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்தால் எல்லாம் சரி. அவர் எந்தக் குழுவிலும் இல்லை. விஷயம் தெரிந்து நாங்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு போய் நின்றபோது, “யாராவது வருவீங்கன்னு நினைச்சேன்” என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

12 பேர் உட்காரும் ஒரு வீட்டு ஹாலில் ஒருவர் குறைந்தால் உடனே கண்ணில் படும். அன்றிரவே ஒரு போன் போகும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு அந்தப் போன்தான் காரணம்.

ஏரியா ஜெபம், வீட்டுக் கூட்டம், செல் குரூப் எல்லாம் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான், பெயர் சபைக்குச் சபை மாறும். 8 முதல் 15 பேர், ஒரு வீடு, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம். ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடுவோம். ஆரம்ப ஜெபம். அந்த வாரத்து வேதபகுதியை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்து, அதைப் பற்றிப் பேசுவோம். அப்புறம் விண்ணப்பங்கள், கர்த்தருடைய ஜெபம், டீ.

பிரசங்கம் கிடையாது. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. யாராவது பதினைந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் பேசினால் பக்கத்தில் இருப்பவர் இரும வேண்டும் என்று எங்கள் குழுவில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. ரிட்டையர்டு வாத்தியார்கள் இருக்கும் குழுக்களில் இருமல் சத்தம் கொஞ்சம் அதிகம்.

இது பெந்தெகொஸ்தேகாரர்களைப் பார்த்து ஆரம்பித்ததுதானே? நம் பழைய சபைகளில் இதெல்லாம் கிடையாதே?

இந்தக் கேள்வி எப்போதும் பெரியவர்களிடமிருந்துதான் வரும். அவர்களுக்காகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஆதித் திருச்சபைக்குக் கட்டடமே இல்லை, வீடுகள்தான். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடும் சபைக்கு பவுல் வாழ்த்துச் சொல்வது ரோமர் 16-ல் இருக்கிறது. அது சரி, அது வேதாகம காலம் என்பீர்கள். 1670-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் போதகர் ஸ்பீனர் தன் வீட்டில் சிலரைக் கூட்டி, வேதம் வாசித்துப் பேசும் கூட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. ஹாலேயில் படித்த சீகன்பால்குதான் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். நம் மலைக்கு வந்தவர்களின் கதையும் அதுதான். 1846-ல் கேத்தியில் வேலையைத் தொடங்கிய பாசல் மிஷன் அதே பக்தி இயக்கத்தின் மண்ணில் முளைத்தது. வீட்டில் கூடி ஜெபிப்பது அவர்களுக்குச் சாப்பாடு மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த கதை ஜான் வெஸ்லியுடையது. 1742. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அவருடைய ஆட்கள் ஒரு கூடம் கட்டிக் கடனில் மாட்டிக்கொண்டார்கள். கடனை அடைக்க ஒருவர் யோசனை சொன்னார்: அங்கத்தினர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிப்போம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் வாராவாரம் வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்கட்டும். வசூலுக்குப் போனவர்கள் கண்ணில் காசு மட்டுமா படும்? ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, இன்னொரு வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்கும் ஆள். போனவர்கள் வந்து சொன்னதைக் கேட்டதும், ‘இத்தனை நாள் நமக்கு வேண்டியிருந்தது இதுதான்’ என்று வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. வசூல் சுற்று மெல்ல வாரக் கூட்டமாக மாறியது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தவர்களில் ஆங்கிலிக்கன்களோடு மெதடிஸ்டுகளும் உண்டு. அவர்கள் கையோடு கொண்டுவந்த சொத்துதான் இந்தக் கூட்டம்.

ஆக, நாம் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. காப்பியடித்திருந்தாலும் எனக்கு அதில் வெட்கமில்லை.

நான் எந்தக் குழுவில் சேர்வது?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில். ஆனால் மலையில் ‘பக்கம்’ என்பதைப் போனில் மேப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேப்பில் 300 மீட்டர் என்று காட்டும் வீட்டுக்கு நேரில் 150 படி இறங்க வேண்டியிருக்கும், கூட்டம் முடிந்ததும் அதே 150 படி ஏற வேண்டியிருக்கும். எந்தப் பாதையில் இறங்கி மெயின் ரோட்டுக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பாதையில் இருக்கும் குழு உங்கள் குழு.

பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு ஆகியவை தனி. ஏரியாக் குழுவில் இருந்துகொண்டே அவற்றிலும் இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சபையோடு ஒட்டிக்கொள்ளச் சீக்கிரமான வழி பாடகர் குழுதான். டிசம்பர் கீத பவனி ஒரு சுற்று போய் வந்தால் போதும், பாதிச் சபையின் வீடு தெரிந்துவிடும். இருந்தாலும் ஒரே வயதுக்காரர்கள் மட்டும் கூடும் இடத்தில் ஒரு குறை இருக்கிறது. பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு ஐந்து பெற்ற பாட்டி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் நல்லது. அந்தப் பாட்டிக்கு கேஸ் புக் பண்ணித் தர ஒரு பையன் வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஏரியாக் குழுவில்தான் நடக்கும்.

எனக்கு வாய்விட்டு ஜெபிக்கத் தெரியாது. கூப்பிட்டுவிட்டால்?

கூப்பிட மாட்டோம். புதியவரைத் திடீரென்று, “நீங்க ஜெபம் பண்ணுங்க பிரதர்” என்று சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. அப்படிச் சொல்லி ஒரு நல்ல மனிதரை ஒரே நாளில் ஓடவிட்டிருக்கிறோம். சும்மா உட்கார்ந்து, கடைசியில் ஆமென் சொன்னால் போதும். ஒரு வருடம் அப்படி இருந்தவர்கள் உண்டு.

பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாமாலைப் புத்தகம் கையில் தருவோம், சுருதியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எங்கள் குழுக்களில் வீட்டில் படுகு பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெபம் யாருக்கு எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் செய்யலாம். நமக்குப் புரியாவிட்டால் என்ன, நம்மிடம் சொல்லவில்லையே.

எங்கள் வீடு சின்னது. எங்கள் முறை வந்தால் என்ன செய்வது? என்ன பலகாரம் செய்ய வேண்டும்?

எங்கள் குழுக்களைக் கலைத்த விஷயங்களில் முதலிடம் பலகாரத்துக்கு. நான் பொறுப்பேற்ற புதிதில் மேல் குன்னூர் பக்கம் ஒரு குழு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் வாரம் ஒரு வீட்டில் டீ, பிஸ்கட். அடுத்த வீட்டில் கேசரி. அதற்கடுத்து சமோசாவும் கேசரியும். ஒன்றரை மாதத்தில் சிக்கன் பிரியாணிக்கு வந்துவிட்டது. அடுத்த முறை எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் ஓர் அக்கா வீட்டில். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மறு வாரமும் காய்ச்சல். மூன்றாவது வாரம் அவர் குழுவுக்கே வரவில்லை. என்ன காய்ச்சல் என்று புரிய எனக்கு ரொம்ப நாளானது.

அன்று முதல் சட்டம் இதுதான்: டீ, ஆளுக்கு ஒரு வர்க்கி (எங்கள் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டம்). தீர்ந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், பையன் பாஸ் எதுவாக இருந்தாலும் டீயும் வர்க்கியும் மட்டும். யார் வீட்டிலாவது கூடுதலாக ஒரு தட்டு வந்தால் நானே எழுந்து போய் அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வருவேன். முரட்டுத்தனம் என்று பேர் வாங்கியாகிவிட்டது.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் ஒற்றை அறையில் 11 பேர், கட்டிலில் நான்கு பேர், தரையில் ஏழு பேர் என்று கூடியிருக்கிறோம். டிசம்பர் குளிருக்கு அந்த அறைதான் சுகம். நாற்காலியும் டம்ளரும் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் மனமில்லை என்றால் உங்கள் முறையை விட்டுவிடுங்கள், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மனசில் இருப்பதைச் சொன்னால் மறுநாள் ஊரெல்லாம் பரவாதா?

பரவும் வாய்ப்பு உண்டு. பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கே நடந்தது.

என் மகன் வேலையை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கடன் வாங்கியிருந்தான். தாங்க முடியாமல் குழுவில் சொல்லி அழுதேன். நான்காம் நாள் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் என் கையைப் பிடித்து, “உங்க பையனுக்காக ஜெபிக்கிறோம்” என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசாரித்தால், குழுவில் இருந்த ஒருவர் இன்னொரு ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் பெயரோடு விண்ணப்பமாகப் போட்டிருக்கிறார். வம்பு பேசுவது பாவம் என்று தெரிந்தவர்களுக்கும், ஜெபக்குறிப்பு என்று பேர் வைத்துவிட்டால் கை கூசுவதில்லை. நான் எட்டு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

திரும்பி வந்தபோது சில விஷயங்களைப் பேசி முடிவு செய்தோம். ஒருவர் சொன்னதை அவர் மட்டும்தான் வெளியில் சொல்லலாம். ஆயரிடம் கொண்டுபோவதானாலும் முதலில் அவரிடமே கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பெயரோ நோயோ போடக் கூடாது, ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் ஆண்டவருக்குப் புரியும். இது முழுக்கக் காப்பாற்றும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அதனால் புதியவர்களுக்கு என் யோசனை: முதல் மூன்று மாதம் சின்ன விஷயங்களை மட்டும் சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலி, பையனின் கணக்குப் பரீட்சை. அது எங்கெல்லாம் போகிறது என்று கவனியுங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் அடி வாங்கும் பெண், தொந்தரவுக்கு ஆளாகும் குழந்தை, உயிரை விட்டுவிடலாமா என்று பேசும் ஒருவர். இவர்கள் விஷயத்தில் ஜெபித்துவிட்டுச் சும்மா இருப்பது தப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மன நெருக்கடிக்கு 14416 என்ற எண்கள் எல்லாக் குழுத் தலைவர்களின் நோட்டிலும் இருக்கின்றன. ‘குடும்ப மானம்’ என்று சொல்லி மூடி மறைக்க எந்தக் குழுவுக்கும் அனுமதி இல்லை.

குழுக்கள் கடைசியில் சொந்தக்காரர், சாதிக்காரர் கூட்டமாகத்தானே முடிகின்றன?

இதுதான் முதுகுக்குப் பின்னால் கேட்கப்படும் கேள்வி. ஒரு காலத்தில் எங்களிடம் அப்படித்தான் இருந்தது. முன்பு குழுவை ஆரம்பிப்பவர் தனக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிடுவார். தெரிந்தவர் என்றால் யார்? சம்பந்தி, சித்தப்பா மகன், ஒரே ஊரிலிருந்து மலையேறியவர்.

இந்த மலையில் ஆட்கள் வந்த வழிகளே பல. தேயிலைத் தோட்ட வேலைக்குக் கீழ் நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் இருக்கிறார்கள். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறை ஆன பிறகும் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றே சொல்கிறோம். படுகக் கிறிஸ்தவக் குடும்பங்கள், மலையாளிகள், அருவங்காட்டு கார்டைட் (வெடிமருந்து) ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்கள், வெலிங்டன் ராணுவக் குடும்பங்கள் எல்லாரும் ஞாயிறன்று ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஆனால் பெஞ்சில் யாரும் யார் வீட்டுத் தண்ணீரையும் குடிக்க வேண்டியதில்லை.

ஒரு குழுவில் லைன் வீட்டுக் குடும்பம் ஒன்று இரண்டு வருடம் தவறாமல் மற்ற வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக்குக் கூட்டம் ஒரு முறைகூடப் போகவில்லை. ‘இடம் சின்னது, அவங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்றார்கள். எவ்வளவு நாகரிகமான வார்த்தை! அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நாள், “சிரமத்தை நாங்க பார்த்துக்கறோம்மா, நீங்க வாங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது குழுவின் எல்லையைப் பாதையை வைத்துப் போடுகிறோம், யாருக்கும் ஆளைப் பொறுக்கும் உரிமை கிடையாது. யார் வீட்டில் எப்போது என்பதை ஜனவரியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம். இதனால் இரண்டு குடும்பங்கள் எங்களைவிட்டுப் போயின. மேலே சொன்ன டீ, வர்க்கி சட்டத்துக்கும் இதுதான் பாதிக் காரணம். எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கல்யாணப் பேச்சு வந்தால் இன்னும் பழைய கோடுகள் தெரிகின்றன.

கணவர் கத்தோலிக்கர். அவர்களுக்கு அன்பியம் இருக்கிறதாமே?

ஆமாம். பங்கை 20, 30 குடும்பங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து வீடுகளில் கூடுவது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்ந்த வழக்கம். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று போகும் தம்பதிகள் எங்களிடம் மூன்று ஜோடி உண்டு. அன்பியத்தில் யாருக்கு மருத்துவச் செலவு, யார் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று கணக்காகப் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பாட்டும் பேச்சும் கொஞ்சம் தூக்கல். அவர்களைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

வீட்டுக்காரர் இந்து, நான் மட்டும் வரலாமா?

தாராளமாக. அவரும் வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம். அவரை யாராவது வற்புறுத்தினால் எனக்குச் சொல்லுங்கள்.

ராத்திரி நேரம். காட்டெருமை, கரடி பயம் இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியைச் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிப்பதில்லை. தேயிலைப் புதர்களுக்கு நடுவே இருட்டில் நிற்கும் காட்டெருமை பத்தடி தூரம் வரை பாறை மாதிரிதான் தெரியும். கரடிக்கு எண்ணெய் வாசனை பிடிக்கும். கோயில்களிலும் கடைகளிலும் கதவை உடைத்துப் புகுந்த கதைகள் இங்கே ஏராளம்.

அதனால் கூட்டம் மாலை 5.30-க்குத் தொடங்கி 6.30-க்கு முடியும், தோட்டத்து ஓர வீடுகளில் இன்னும் முன்னதாக. முடிந்ததும் ஆளாளுக்குக் கிளம்பக் கூடாது. ஒரே பாதையில் போகிறவர்கள் சேர்ந்து, டார்ச்சோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு போக வேண்டும். அந்த நடையில்தான் உண்மையான பேச்சு வரும். கூட்டத்தில் ‘எல்லாம் நல்லபடியா இருக்கு’ என்று சொன்ன மனுஷி, மூன்றாவது வளைவில் அழ ஆரம்பித்துவிடுவார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை. பலத்த மழை என்றால் கூட்டம் ரத்து, ஆனால் போன் ரத்தில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரவில், எந்தச் சரிவில் எந்த வீடு, அதில் எத்தனை பேர் என்று சபை ரெஜிஸ்டருக்குத் தெரியவில்லை. வாராவாரம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. எங்கள் குழுத் தலைவர்களின் நோட்டில் வீட்டுப் படம் போடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

மாற்றலாகி வந்திருக்கிறோம். ஒரு வருடம்தான் இருப்போம். சேர்வதில் பிரயோஜனம் உண்டா?

வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிக்க வருகிறவர்களின் குடும்பங்கள் எல்லாம் கேட்பது இது. ஒரு வருடம் என்பது ஐம்பது கூட்டம். உறுப்பினர் மாற்றுச் சான்று வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது வரும்போது வரும். வாக்களிக்கவும் செயற்குழுவில் நிற்கவும்தான் பதிவு வேண்டும். ஏரியா ஜெபத்தில் உட்கார எந்தப் பேப்பரும் வேண்டாம்.

காணிக்கை எடுப்பீர்களா?

வீட்டுக் கூட்டத்தில் கிடையாது. நோயாளி யாருக்காவது என்றால் பேசிச் சேர்ப்போம், கணக்கு நோட்டில் இருக்கும். சீட்டுப் பிடிப்பது, இன்சூரன்ஸ், சத்துமாவு விற்பது, பக்கத்தில் இருப்பவரிடம் கைமாற்று கேட்பது எல்லாவற்றுக்கும் தடை. இதை மீறியவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான். ஆனால் வாங்கின கடனைத் திருப்ப முடியாதவர், கொடுத்தவர் இருக்கும் ஹாலுக்குள் மறுபடி வர மாட்டார்.

பெண்கள் குழு நடத்தலாமா?

எங்கள் 11 குழுக்களில் 7 குழுக்களைப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2013-ல் நந்தியால் பேராயத்தில் ஒரு பெண்மணி பேராயராகவும் ஆனார். வீட்டில் டீயோடு நடக்கும் கூட்டத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் வருவது எனக்கு ஆச்சரியம். தென் கொரியாவின் சியோல் நகரில் 1964-ல் போதகர் யோங்கி சோ உடல் தளர்ந்து விழுந்த பிறகு, வீட்டுக் குழுக்களை நடத்தும் பொறுப்பைப் பெண்களிடம் கொடுத்தார். அந்தச் சபை உலகிலேயே பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. அவ்வளவு பெரிய சபை எனக்கு வேண்டாம், ஆனால் விஷயம் விளங்கும்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். சத்தம் போடும். பழகிவிடும், எங்களுக்கு.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, நேரில் வர வேண்டுமா?

வெளியூரில் இருப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் போன் உதவும். கொரோனா நாட்களில் அதை வைத்துத்தான் சமாளித்தோம். ஆனால் கைகூப்பும் படம் 40 வந்து விழுந்தாலும், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருக்க ஓர் ஆள் வேண்டும். படிக்கட்டு ஏற முடியாத வயதானவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை குழுவே போகும், அவர்கள் சீட்டுக் குலுக்கலில் இல்லாவிட்டாலும்.

குழு எனக்கு ஒத்துவரவில்லை. மாறினால் தப்பாக நினைப்பார்களா?

நினைப்பார்கள், ஒரு மாதம். அப்புறம் மறந்துவிடுவார்கள். ஆனால் ஆறு கூட்டமாவது இருந்து பாருங்கள். முதல் கூட்டத்தில் எல்லாரும் மரியாதையாக இருப்பார்கள், மூன்றாவதில் சலிப்பு வரும், ஐந்தாறாவதில்தான் ஆள் தெரியும். மாறுவதானால் என்னிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். சொல்லாமல் நின்றால் அந்தப் போன் வரும், அப்புறம் நீங்கள்தான் சங்கடப்படுவீர்கள்.

சரி, முதல் தடவை எப்படி வருவது?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீ மேசைக்குப் பக்கத்தில் பச்சை ஸ்வெட்டரில் நோட்டோடு நிற்பேன். எந்தப் பாதை என்று சொல்லுங்கள். அந்தக் குழுவிலிருந்து ஒருவர் கூட்டத்தன்று மாலை 5.15-க்கு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிப்போவார். தெரியாத வீட்டுக் கதவைத் தனியாகத் தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குடையும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். வேதாகமம் இல்லாவிட்டால் அங்கே இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜெபத்தை அதற்கு முன்னால் முடித்துவிடுவோம்.